பாசியில் எவ்வளவு எண்ணெய்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

நுண்பாசிகளிலிருந்து எரிபொருள் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. சில பாசிகளின் உலர் எடையில் 70 சதவீதம் வரை எண்ணெய் இருப்பதுண்டு என்ற ஒரு வரி பலரையும் எழுதத் தூண்டியிருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எழுபது சதவீதம் எண்ணெய் தரும் பாசி இருக்கிறதென்றால், அந்த ஒன்றை மட்டும் பெருமளவில் வளர்த்தால் எரிபொருள் தட்டுப்பாடே இருக்காதே! ஏன் இன்னும் யாரும் அதைச் செய்யவில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறைய. போட்ரியோகாக்கஸ் பிரௌனி என்ற பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உலர் எடையில் பாதிக்கும் மேல் ஹைட்ரோகார்பன் வகை எண்ணெய் சேர்வதுண்டு. அந்த எண்ணெயைப் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே, கூட்டமாக வாழும் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பசைப் பொருளில் அது தேக்கி வைக்கிறது. கண்ணாடி வில்லையில் வைத்து மேல்மூடியை லேசாக அழுத்தினால் எண்ணெய்த் துளிகள் பிதுங்கி வருவதை நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். பார்ப்பவர் மனம் துள்ளத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாசி ஒருமுறை இரட்டிப்பாவதற்குள் பல நாட்கள் ஓடிவிடும். குளோரெல்லா என்ற பச்சைப் பாசியின் சில ரகங்களோ சாதகமான சூழலில் ஒரு நாளுக்குள் இரட்டிப்பாகிவிடுகின்றன.

எனவே கேட்க வேண்டியது எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதை அல்ல, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு நாளில் எத்தனை கிராம் எண்ணெய் தருகிறது என்பதை. கணக்குக்காக இரண்டு பாசிகளை வைத்துக்கொள்வோம். ஒன்றில் எண்ணெய் 50 சதவீதம், வளர்ச்சி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 கிராம். மற்றொன்றில் எண்ணெய் 20 சதவீதம்தான், ஆனால் வளர்ச்சி 15 கிராம். முதலாவது நாளுக்கு 1 கிராம் எண்ணெய் தரும். இரண்டாவது 3 கிராம் தரும். கொழுத்த பாசி தோற்றுப்போகிறது.

பெரிய எண்களையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம். 2007இல் யூசுஃப் சிஸ்டி எழுதி இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வுக் கட்டுரை, 70 சதவீத எண்ணெய் கொண்ட பாசி ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் 1,36,900 லிட்டர் எண்ணெய் தரக்கூடும் என்று ஓர் அட்டவணையில் குறிப்பிட்டது. அதை நாளுக்கும் சதுர மீட்டருக்கும் வகுத்தால் சுமார் 34 கிராம் எண்ணெய் வரும். ஒரு கிராம் எண்ணெயில் ஏறத்தாழ 38 கிலோஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. நல்ல வெயில் படும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 மெகாஜூல் சூரிய ஆற்றல் விழுகிறது என்று கொண்டால், எண்ணெய் அல்லாத மீதிப் பகுதியையும் சேர்த்து, விழும் வெயிலில் 8 சதவீதத்துக்கு நெருக்கமான பங்கை அந்தப் பாசி ஆண்டின் எல்லா நாட்களிலும் தன் உடலில் சேமிக்க வேண்டியிருக்கும். ஒளிச்சேர்க்கையின் கோட்பாட்டு உச்சவரம்பை அது நெருங்கிவிடும். நடைமுறையில் நன்கு பராமரிக்கப்படும் குளங்கள் எட்டுவது 2 சதவீதத்தை ஒட்டித்தான்.

அடக்கமாகக் கணக்கிட்டாலும் பாசியின் தரப்பு பலமானதே. நாளுக்குச் சதுர மீட்டருக்கு 20 கிராம் வளர்ச்சி, ஆண்டில் 300 நாள், 25 சதவீத எண்ணெய் என்று வைத்தால் ஒரு ஹெக்டேரில் 15 டன் எண்ணெய் கிடைக்கும். எண்ணெய்ப் பனை தருவதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் இது. விளைநிலமும் தேவையில்லை, நன்னீரும் கட்டாயமில்லை. இந்த அளவுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் இந்தத் துறை இவ்வளவு ஏமாற்றங்களைச் சந்தித்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: குளத்து நீரிலிருந்து எண்ணெய் மிகுந்த பாசியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கல்லூரி ஆய்வகத்தில் முயன்று பார்க்கலாமா?
– முதுநிலை உயிரியல் மாணவி ஒருவர்

தாராளமாக முயலலாம். விலையுயர்ந்த கருவிகளைவிடப் பொறுமைதான் இதற்கு அதிகம் தேவைப்படும்.

முதலில் எங்கே தேடுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். தெளிந்த ஏரி நீரைவிட, நிலைமை அடிக்கடி மாறித் துன்புறுத்தும் இடங்களே நல்ல வேட்டைக் களங்கள். உப்பங்கழியின் ஓரக் குட்டைகள், வற்றி வற்றி நிரம்பும் பள்ளங்கள், கழிவுநீர்த் தொட்டியின் விளிம்பு, ஈரப் பாறையின் மேல்தோல் ஆகியவற்றைச் சொல்லலாம். நியோக்ளோரிஸ் ஓலியோஅபண்டன்ஸ் என்ற எண்ணெய்ப் பாசி அரேபியப் பாலைவன மணலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1962இல் விவரிக்கப்பட்டது. நீரை எடுக்கும்போதே அதன் வெப்பநிலை, உப்புத்தன்மை, பிஹெச் எனப்படும் அமில-கார அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்தப் பாசி எதைத் தாங்கும் என்பதற்கு அதுவே முதல் தடயம். பாட்டிலை விளிம்புவரை நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும்.

ஆய்வகத்தில் நன்னீர்ப் பாசிக்குப் பிஜி-11 போன்ற ஊடகமும் (ஊட்டக் கரைசல்), கடல்நீர் நுண்பாசிக்கு எஃப்/2 ஊடகமும் வழக்கமாகப் பயன்படுகின்றன. சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகளான டயட்டம்களுக்குச் சிலிக்கேட் சேர்க்க மறந்தால் அவை தலையெடுக்காது. இப்படி வளர்த்துப் பெருக்கும் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. விரைந்து வளரும் சாதாரணப் பாசி ஒன்று மற்றவற்றை மூடிவிடும், நாம் தேடி வந்தது அதற்கடியில் மடிந்துபோகும். அதனால் மூல நீரில் ஒரு பகுதியை நேரடியாகவே படிப்படியாக நீர்த்து அகர் தட்டுகளில் பரப்பிவிடுவது நல்லது. இரண்டு மூன்று வாரங்களில் குண்டூசித் தலையளவு பச்சைப் புள்ளிகள் தோன்றும். அவற்றில் ஒன்றைத் தீயில் சுட்டு ஆறவைத்த கம்பி வளையத்தால் தொட்டுப் புதிய தட்டில் கீற வேண்டும். அதைச் சுற்றிப் பளபளப்பான விளிம்பு தெரிந்தால் பாக்டீரியாவும் கூடவே வந்துவிட்டது என்று பொருள். மீண்டும் கீற வேண்டியதுதான். அகரில் வளர மறுக்கும் இனங்களுக்கு, தீயில் காட்டி மயிரிழையாக இழுத்த கண்ணாடிக் குழாயால் நுண்ணோக்கியைப் பார்த்தபடியே ஒற்றைச் செல்லை உறிஞ்சி, தூய ஊடகத் துளி ஒன்றில் விட்டு, மீண்டும் உறிஞ்சி அடுத்த துளியில் விட்டு, இப்படிப் பல துளிகளில் கழுவி எடுப்பார்கள். கை நடுங்காதவர்களுக்கான வேலை இது.

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. நைல் ரெட் என்னும் சாயத்தைச் சேர்த்து ஒளிர்வு நுண்ணோக்கியில் நீல ஒளி பாய்ச்சினால், செல்லுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகள் பொன்மஞ்சளாக ஒளிரும். பச்சையம் சிவப்பாகத் தெரியும். தடித்த சுவருடைய பச்சைப் பாசிகளில் சாயம் உள்ளே நுழையாமல் போவதுண்டு. அதற்காக டைமெதில் சல்ஃபாக்சைடைச் சிறிதளவு சேர்ப்பார்கள். இந்த ஒளிர்வைக் கொண்டு ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரே ரகம் நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கே அது நம்பகமானது.

எடைபோட்டு அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் கரைத்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை எடைபோடும்போது பச்சையமும் செல் சவ்வுகளின் கொழுப்பும் சேர்ந்தே தராசில் ஏறிவிடுகின்றன. எரிபொருளாக மாறக்கூடியது அதில் ஒரு பகுதி மட்டுமே. கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டர்களாக மாற்றி வாயு வண்ணப்பிரிகை முறையில் அளந்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். மிக உயர்ந்த எண்ணெய்ச் சதவீதம் எங்காவது கண்ணில் பட்டால், எந்த முறையில் அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: பாசியைப் பட்டினி போட்டால் எண்ணெய் கூடும் என்கிறார்களே, அது எப்படி?
– வேதியியல் ஆசிரியை ஒருவர்

புரதமும் பச்சையமும் உருவாக நைட்ரஜன் வேண்டும். ஊடகத்தில் நைட்ரஜன் தீர்ந்ததும் செல்லால் பிரிந்து பெருக முடிவதில்லை. ஆனால் ஒளி விழுந்துகொண்டே இருக்கிறது, ஒளிச்சேர்க்கையும் சிறிது காலம் தொடர்கிறது. செலவழிக்க வழியில்லாத கார்பனையும் ஆற்றலையும் செல் ட்ரைகிளிசரைடு எண்ணெயாக மாற்றி ஒதுக்கி வைக்கிறது. குடுவையின் கரும்பச்சை சில நாட்களில் வெளிறி மஞ்சளாவதைக் கண்ணாலேயே காணலாம். டயட்டம்களில் சிலிக்கான் பற்றாக்குறையும் இதே வேலையைச் செய்யும்.

ஆனால் எண்ணெய்ச் சதவீதம் ஏறும் அதே வேளையில் வளர்ச்சி நின்றுபோகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மொத்த எண்ணெய் விளைச்சல் பல சமயம் கூடுவதில்லை, குறைவதும் உண்டு. அதனால்தான் முதல் குளத்தில் நன்றாக ஊட்டி வளர்த்து, இரண்டாவது குளத்தில் சில நாட்கள் மட்டும் பட்டினி போடும் இரு கட்ட முறையைச் சிலர் பின்பற்றுகிறார்கள்.

கேள்வி: மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு பாசியிலிருந்து வருவதாகப் படித்தேன். அப்படிப்பட்ட எண்ணெய் இன்ஜினுக்கும் நல்லதா?
– வாகனப் பழுதுபார்ப்பவர் ஒருவர்

உடலுக்கு நல்லது, இன்ஜினுக்கு ஆகாது. ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் பல இருப்பதால் அவை காற்றுப் பட்டால் விரைவில் ஆக்சிகரணம் அடைந்து பிசினாகும். ஐரோப்பிய பயோடீசல் தரவிதி மூன்று இரட்டைப் பிணைப்பு கொண்ட லினோலெனிக் அமில எஸ்டரை 12 சதவீதத்துக்குள்ளும், நான்கும் அதற்கு மேலும் இரட்டைப் பிணைப்பு கொண்டவற்றை 1 சதவீதத்துக்குள்ளும் நிறுத்துகிறது. கடலில் வாழும் நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி நன்கு ஊட்டம் பெற்று வளரும்போது இந்த வரம்பை எளிதில் மீறும். பட்டினி போட்ட செல்களில் பால்மிட்டிக், ஒலியிக் போன்ற அமிலங்களின் பங்கு கூடுவதால் நிலைமை கொஞ்சம் சீராகும். ஹைட்ரஜன் ஏற்றி டீசலாகவோ விமான எரிபொருளாகவோ மாற்றும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: திறந்த குளம் நல்லதா, மூடிய கண்ணாடிக் குழாய் நல்லதா?
– பொறியியல் மாணவர் ஒருவர்

எரிபொருள்தான் குறிக்கோள் என்றால், குறைகள் எல்லாம் தெரிந்தும் நான் திறந்த குளத்தின் பக்கம்தான் நிற்பேன். குழாயில் பாசியின் அடர்த்தி அதிகம், வெளிப் பாசிகளின் நுழைவு குறைவு. ஆனால் ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் நீண்ட குழாய்க்குள் தேங்கிப் பாசியையே பாதிக்கும். வெயிலில் குழாய் சூடேறும்போது குளிர்விக்கவும், நீரைத் தொடர்ந்து ஓட்டவும் மின்சாரம் வேண்டும். ஒரு லிட்டர் எரிபொருளுக்காக அதைவிட அதிக ஆற்றலைச் செலவழிக்கும் நிலை எளிதில் வந்துவிடும். விலை உயர்ந்த நிறமிகளுக்கும் சத்துப் பொருட்களுக்கும் குழாய் கட்டுப்படியாகும். எரித்துத் தீர்க்கும் பொருளுக்குக் கட்டுப்படியாகாது.

திறந்த குளம் என்பது பெரும்பாலும் ஓட்டப் பந்தயத் தடம் போல் வளைந்த, 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமே உள்ள வாய்க்கால். துடுப்புச் சக்கரம் ஒன்று நீரை வினாடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்திக்கொண்டிருக்கும். ஆழத்தைக் கூட்டினால் மேலே உள்ள செல்கள் கீழே உள்ளவற்றுக்கு நிழலாகிவிடும். நாசம் வரும் வேகம்தான் இதில் பெரிய கவலை. பாசியைத் தின்னும் ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு நுழைந்து பெருகிவிட்டால், திங்கட்கிழமை அடர்பச்சையாக இருந்த குளம் அந்த வாரம் முடிவதற்குள் கலங்கிய பழுப்பு நீராகிவிடும். கைட்ரிட் பூஞ்சைகளும், குளோரெல்லாவின் மேல் ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சும் வாம்பிரோவிப்ரியோ என்ற பாக்டீரியாவும் இதே பட்டியலில் சேரும். ஸ்பைருலினா கடும் காரத்திலும், டுனாலியெல்லா கடும் உப்பிலும் வளர்வதால் அவற்றை எதிரிகள் எளிதில் அண்டுவதில்லை. திறந்த குளத்தில் வணிக அளவில் நிலைத்து வளர்பவை பெரும்பாலும் இவைதாம். எண்ணெய்ப் பாசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிப்பட்ட கோட்டைச் சுவர் எதுவும் கிடையாது. எண்ணெய் சற்றுக் குறைந்தாலும் உப்பையோ காரத்தையோ வெப்பத்தையோ தாங்கும் ரகத்தைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: பாசி வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வலைபோட்டு வடிகட்டினால் போதாதா?
– விவசாயி ஒருவர்

போதாது, இந்தத் துறையின் கழுத்தைப் பிடித்திருக்கும் சிக்கல் இதுதான். பச்சைப் பசேலென்று தெரியும் குளத்தில்கூட ஒரு லிட்டருக்கு அரை கிராம் உலர்ந்த பாசிதான் இருக்கும். ஒரு கிலோ பாசி வேண்டுமானால் 2,000 லிட்டர் நீரை ஒதுக்கியாக வேண்டும். செல்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ளவை. அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. போதாததற்கு அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரம், கைட்டோசான் போன்ற திரட்டுப் பொருட்களைச் சேர்த்தோ, நீரில் மக்னீசியம் இருந்தால் பிஹெச் அளவை உயர்த்தியோ அவற்றைத் திப்பி திப்பியாகச் சேரவைத்து, பிறகு நுண்காற்றுக் குமிழ்களால் மேலே மிதக்கவைத்து வழித்தெடுப்பதுண்டு. முழு நீரையும் மையவிலக்குப் பொறியில் ஓட்டினால் நன்றாகப் பிரியும், ஆனால் மின்சாரச் செலவு கட்டுக்கடங்காது.

இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது நான்கு பங்கு நீரும் ஒரு பங்கு பாசியும் கொண்ட களிம்பு. ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 2.3 மெகாஜூல் வேண்டும், வீணாவதையும் சேர்த்தால் 2.5 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கிலோ பாசியை உலர்த்த 10 மெகாஜூல் செலவாகும். அந்த ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றலோ 22 மெகாஜூல் அளவுதான். பாதி ஆற்றல் ஈரத்தைப் போக்கவே போய்விடுகிறது. வெயிலில் உலர்த்தலாம், ஆனால் பெரும் பரப்பு வேண்டும், எண்ணெயும் கெடும். ஈரக் களிம்பை அப்படியே 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நீர் கொதித்து ஆவியாகாதபடி உயர் அழுத்தத்தில் வேகவைத்து, கச்சா எண்ணெய் போன்ற திரவமாக மாற்றும் முறையில் அறிஞர்கள் ஆர்வம் காட்டுவது இதனால்தான். அதில் எண்ணெய் மட்டுமன்றிப் புரதமும் மாவுச்சத்தும்கூட ஓரளவு எரிபொருளாக மாறுகின்றன. கூடவே நைட்ரஜனும் கலந்துவிடுவதால் பின்னால் சுத்திகரிப்புச் செலவு உண்டு.

கேள்வி: ஆலைப் புகையைப் பாசிக் குளத்தில் விட்டால் புவி வெப்பமாவது நின்றுவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

நிற்காது. ஒரு கிலோ பாசி உருவாகச் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு செலவாகும் என்பது உண்மை. ஆனால் எரிபொருளை எரிக்கும்போது அது திரும்பக் காற்றில் கலந்துவிடும். நிலத்தடியிலிருந்து தோண்டி எடுக்க வேண்டிய எண்ணெயின் ஒரு பகுதியை எடுக்காமல் விடுகிறோம் என்ற அளவுக்கே லாபம். ஆலை இரவிலும் புகையும், பாசி பகலில்தான் உண்ணும். அதோடு உரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு 60 டன் பாசி தரும் ஒரு ஹெக்டேர் குளம் சுமார் 4 டன் நைட்ரஜனை உறிஞ்சும். அதை உரமூட்டையாக வாங்கிப் போட்டால், அந்த உரத்தைத் தயாரிக்கச் செலவான இயற்கை எரிவாயுவே மிச்சத்தைத் தின்றுவிடும். வில்லியம் ஆஸ்வால்ட் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவில் 1950களிலேயே காட்டிய வழியில் கழிவுநீரைப் பாசிக்கு ஊட்டமாக்குவதும், எண்ணெய் எடுத்த சக்கையை நொதிக்கவிட்டு எரிவாயுவும் உரமும் மீட்பதும் இல்லாமல் இந்தக் கணக்கு தேறாது.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் பாசி வளர்த்து வண்டிக்கு டீசல் தயாரிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

முயல வேண்டாம். ஒரு சதுர மீட்டர் தொட்டி மாதம் முழுவதும் உழைத்தாலும் ஒரு டம்ளர் எண்ணெய் தேறாது. அதைப் பிரிக்கத் தேவைப்படும் ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும், பயோடீசலாக மாற்றத் தேவைப்படும் மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் பல இதைக் கைவிட்டுவிட்டனவாமே? ஆய்வு மாணவனாக இந்தத் துறைக்கு வருவது வீண்வேலையா?
– ஆய்வு மாணவர் ஒருவர்

கைவிட்டது உண்மை. அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை சுமார் 2.5 கோடி டாலர் செலவில் நடத்திய திட்டத்தில் 3,000க்கும் மேற்பட்ட ரகங்கள் சேகரிக்கப்பட்டு, சுமார் 300 தேர்ந்தெடுக்கப்பட்டன. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்களில் வளர்த்துப் பார்த்தபோது, மிகச் சிறந்த நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரை விளைச்சல் கிடைத்தது. ஆனால் ஆண்டுச் சராசரி நாளுக்கு 10 கிராமை ஒட்டியே நின்றது. ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்த ரகங்களைத் திறந்த குளத்தில் உள்ளூர்ப் பாசிகள் ஓரங்கட்டியதும் உண்டு. 2009இல் எக்ஸான்மொபில் நிறுவனம் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்து இறங்கியது. 2017இல் அதன் கூட்டாளி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நானோகுளோராப்சிஸின் ஒரு மரபணுவின் செயலை மட்டுப்படுத்தி, வளர்ச்சி பெரிதும் குன்றாமலே எண்ணெயை இரட்டிப்பாக்கினார்கள். அது உண்மையிலேயே அழகான அறிவியல். ஆனாலும் 2023 தொடக்கத்தில் அந்த நிறுவனம் விலகிவிட்ட செய்தி வெளியானது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, இன்னொரு கொழுத்த பாசியைத் தேடிப் பெயர் சூட்டுவதில் இப்போதைக்குப் பெரிய பயன் இல்லை என்பதே. தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், செலவில்லாமல் தானாகவே திரண்டு படியும் ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ரோட்டிஃபர் பெருகப்போவதை இரண்டு நாள் முன்பே காட்டிக்கொடுக்கும் சோதனையை உருவாக்கப் பாருங்கள். கழிவுநீரில் பல இனங்கள் கலந்து வளரும்போது எந்தக் கலவை குளிர்காலத்திலும் நிலைக்கிறது என்பதும் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டிய கேள்வி. எதை எடுத்தாலும் முடிவுகளைக் குடுவையில் இருந்த எண்ணெயின் சதவீதமாக எழுதாமல், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் கிடைத்த கிராமாக எழுதுங்கள். இரவில் பாசி தானே மூச்சுவிட்டுக் கரைத்த எடையையும், அறுவடைக்குச் செலவான மின்சாரத்தையும் அதே அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.